ஆறு கட்டம், இரண்டு வரிசை

காமிக்ஸ் படித்துத்தான் ஒரு பெண்பிள்ளை தன் தம்பிக்கு விஷக்கிழங்கு சமைத்துக் கொடுத்தாள் என்று வானொலிக்காரன் மூன்றாவது நாளாகக் காலை ஆறு மணிக்கே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "பள்ளிக்கூடமா நடத்துறீங்க, கொலைக்கூடமா நடத்துறீங்க?" என்று கேட்டான். அவனுக்கு நெக்ரோஸ் தீவின் மலையடிவாரத்தில் எங்கள் ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. இருந்தாலும் எல்லார் வீட்டிலும் அவன் குரல்தான் கேட்டது. நான் எழுந்து போய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கிப் போட்டேன். பக்கத்துக் கடையில் அதே குரல் இன்னும் சத்தமாக வந்தது.

என் கடை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பேன், அடையாள அட்டைக்குப் பிளாஸ்டிக் ஒட்டுவேன், மழைக்காலத்தில் குடை ரிப்பேர் செய்வேன். அப்பா இருந்தபோது இதே கடையில் காமிக்ஸ் புத்தகங்களைக் கயிற்றில் துணிக்கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வாடகைக்கு விடுவார். புத்தகங்கள் கரையானுக்குப் போய்விட்டன. கயிறு மட்டும் அப்படியே இருந்ததால்தான் மேம் சல்வா ஒருநாள் உள்ளே வந்து, "மனோங் டெலியோ, இந்தக் கயிறைக் கொஞ்சம் எனக்குக் குடுங்களேன்" என்று கேட்டார். மனோங் என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

மேம் சல்வா நாலாம் வகுப்பு டீச்சர். அவர் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள், அதில் பதினொரு பேருக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. படிக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு நகரத்துக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அதுதான் விதி. "பட்டியல் போடத் தெரியுது, படிக்கவைக்கத் தெரியலையே இவங்களுக்கு" என்று அவர் என் கடையில் நின்றுதான் திட்டுவார். சர்க்கரை ஆலைக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் நீளக் காலண்டரை நெடுக்காகக் கிழித்து, அந்தப் பட்டைகளின் முதுகில் எங்கள் பேச்சிலேயே கதை வரைந்து என் கயிற்றில் தொங்கவிடுவார். கிலாய் என்று ஒரு எருமைக்கன்று. "என்னை உழவுக்குக் கூப்பிடாதே, எனக்கு இன்னைக்குப் பரீட்சை" என்று முதல் கட்டத்திலேயே தோட்டக்காரனிடம் வாயாடும். அதற்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு பட்டைக்கு ஒரு கதை. கட்டங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கும். இரண்டு பட்டை பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் இரண்டு கதை. "வரி முடிஞ்சு திரும்ப இடதுபக்கம் வர்றதுக்குள்ள இதுங்க தொலைஞ்சு போயிடுது, மனோங். விரலு மேலேருந்து கீழ மட்டும் போகட்டும். மத்ததெல்லாம் அடுத்த வருஷம்" என்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் என் கயிற்றுக்குக் கீழே வரிசையாக நின்று, விரலை வைத்து இறக்கி இறக்கிப் படிப்பார்கள். ஆறு மாதத்தில் பதினொன்று நாலு ஆகிவிட்டது. தேறின ஏழு பேரில் முதல் ஆள் பியாங்கின் மகள் ஜெசா.

பியாங்குக்கு முழுப்பெயர் ஒலிம்பியா. கடற்கரைக்காரி, மலையடிவாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கரும்புத் தோட்டத்தில் களை எடுப்பாள், உரம் சுமப்பாள். புருஷன் ருடிங் நகரத்தில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஆலை மூடியதிலிருந்து மறுபடி திறக்கிறவரை உள்ள மாதங்களுக்கு எங்கள் பக்கம் செத்த காலம் என்று பெயர். தோட்டத்தில் வேலை இருக்காது, வேலை இல்லாவிட்டால் அரிசி இருக்காது. முருங்கைக்கீரையும் கினமோஸ் கருவாட்டு விழுதும் கஞ்சித்தண்ணீருமாக ஓட்டுவார்கள். அதுவும் போனால் மலையில் குரோட் கிழங்கைத் தோண்டுவார்கள். மூன்று இலைக் கொடி, முள் தண்டு. அப்படியே தின்றால் ஆளைக் கொன்றுவிடும். மெல்லிசாக அரிந்து, சாக்கில் கட்டி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்காகப் போட்டு, பிழிந்து, திரும்பவும் போட்டு எடுத்தால்தான் அது உணவு. போன வருஷம் மேல்குடியிருப்பில் இரண்டு பேர் அவசரப்பட்டுத் தின்று செத்தார்கள். அதனால்தான் மேம் சல்வா அந்தக் குடியிருப்புப் பெண்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு, கிலாய் கிழங்கு பதப்படுத்துகிற கதையை வரைந்தார். ஆறு கட்டம், ஒரே பட்டை.

முதல் கட்டத்தில் கிலாய் மூன்று இலைக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கைத் தோல் சீவி அரிகிறது. இரண்டாவதில் சாக்கில் கட்டி மூன்று நாள் ஓடையில் போடுகிறது. மூன்றாவதில் பிழிகிறது. நாலாவதில் திரும்ப மூன்று நாள் ஓடையில் போடுகிறது. ஐந்தாவதில் தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கிறது. ஆறாவதில் வீடே உட்கார்ந்து சாப்பிடுகிறது. இதில் எந்தத் தப்பும் இல்லை. இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு சார் வெனான்சியோ வந்தார். நகரத்து அலுவலகத்து மேற்பார்வையாளர். கழுத்தில் வியர்வைத் துண்டு, வாயில் எப்போதும் சிரிப்பு. கயிற்றைப் பார்த்து, "அடேயப்பா, புதுமை, புதுமை!" என்றார். பட்டைகளை எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஜூலையில் புயல் வந்து பள்ளிக்கூடத்தை இரண்டு வாரம் மூடினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேம் சல்வா மாட்டிக்கொண்டார், பாலம் முங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து சார் வெனான்சியோ ஒரு தாளோடு என் கடைக்கு வந்தார். வீட்டிலிருந்தே படிக்கப் பாடத்தாள், இருநூறு காப்பி. கிலாயின் ஆறு கட்டத்தையும் ஒரே தாளில் அடைத்திருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் மேலிருந்து கீழாக இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது, அதற்குக் கீழே மூன்றும் நாலும், கடைசியில் ஐந்தும் ஆறும். எண் போடவில்லை. அடியில் 'வடிவமைப்பு: வெனான்சியோ ஒர்தாலேசா' என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

முதல் தாள் சூடாக வெளியே வந்தபோது எனக்கு உறுத்தியது. ஆறு மாதமாக அந்தக் கயிற்றுக்குக் கீழே பிள்ளைகளின் விரலைப் பார்த்தவன் நான். அந்தத் தாள் என் கண்ணுக்கு இரண்டு பட்டையாகத்தான் தெரிந்தது. வெளியே முச்சக்கர வண்டி எஞ்சினை அணைக்காமல் நின்றது. "சீக்கிரம் டெலியோ, மழை வருது" என்றார் சார். நான் இருநூறையும் எடுத்துக் கட்டிக் கொடுத்தேன்.

ஜெசா அந்தத் தாளைக் கையில் வாங்கிய நாலாம் நாள், பியாங் தூரத்து வயலில் நாற்று நடக் கூப்பிட்டார்கள் என்று விடியற்காலையில் போனாள். வீட்டில் அரிசிப்பானையின் அடி காய்ந்து கிடந்தது. ஒன்பது வயசு ஜெசா நாலு வயசுத் தம்பி இகோயைப் பசியில் அழவிட மனசில்லாமல், படத்தில் இருந்த இலையை அடையாளம் பார்த்துக் கிழங்கு தோண்டினாள். இடது வரிசையை மேலிருந்து கீழே படித்தாள். அரி, பிழி, சமை. அப்படியே செய்தாள். தம்பிக்குப் பெரிய பங்கு வைத்தாள்.

மத்தியானம் இகோய் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். அவளுக்கும் வாந்தி, தலைசுற்றல். அந்த நிலையிலும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சேற்றில் ரோடு வரை வந்துவிட்டாள். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் இரண்டு பேரையும் மாவட்ட ஆஸ்பத்திரியில் கொண்டு போட்டான். இகோய் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தான்.

பிள்ளைகளோடு ஊர் திரும்பின மறுநாள் பியாங் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். கூடவே ஜெசா. மழையில் இரண்டு பேரும் நனைந்திருந்தார்கள். வறுத்த அரிசிக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

"மனோங், எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க."

நான் விரலை வைத்து இடமிருந்து வலமாகச் சொன்னேன். சீவு, ஓடையில் போடு, பிழி, திரும்பப் போடு, சமை, சாப்பிடு. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"சரியாத்தானே இருக்கு. அப்புறம் இவளுக்கு மட்டும் ஏன் அப்படித் தெரிஞ்சுது? ஜெசா, நீ எப்படிப் படிச்சேன்னு மாமாவுக்குக் காட்டு."

ஜெசா தாளைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள்.

"இது ஒரு கதை." விரல் இடது வரிசையில் இறங்கியது. "இது இன்னொரு கதை, தியோ." மாமாவை எங்கள் பிள்ளைகள் தியோ என்றுதான் கூப்பிடும்.

"அந்தக் கதையில கிலாய் என்ன பண்ணுதாம்?"

"சாக்கைத் தண்ணிக்குள்ள ஒளிச்சு வைக்குது. யாரும் திருடிட்டுப் போகக் கூடாதுன்னு. அப்புறம் திரும்ப ஒளிச்சு வைக்குது. கடைசியில எடுத்துட்டு வந்து எல்லாருமா சாப்பிடுறாங்க."

"யாரு அப்படிச் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. ரெண்டு பட்டைன்னா ரெண்டு கதை. மேம்தான் சொல்லிக்கொடுத்தாங்க." உதடு பிதுங்கியது. "நான் ஒரு எழுத்தும் விடலை, தியோ. எல்லாத்தையும் படிச்சேன்."

பியாங் அந்தத் தாளை நாலாக மடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே இதை அடிச்சீங்க?"

"ஜெராக்ஸ்தான் எடுத்தேன், பியாங். வடிவமெல்லாம் அலுவலகத்துல போட்டது."

"அடிக்கும்போது பார்த்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஜெசா நின்றுகொண்டிருந்தாள்.

"பார்த்தேன்" என்றேன். "ரெண்டு பட்டை மாதிரிதான் எனக்கும் தெரிஞ்சுது."

அவள் பாதிக் காப்பியை மேசையில் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் ஊர்ப் பொதுக்கூடத்தில் விசாரணை வைத்தார்கள். அதற்கான தாள்களை முதல்நாளே என்னிடம்தான் காப்பி எடுக்கக் கொடுத்தார்கள், அதனால் அவற்றில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்று பியாங்கின் பெயரில் புகார்: மேம் சல்வா அனுமதி இல்லாத படக்கதையால் என் பிள்ளைகளுக்குத் தவறாகக் கற்பித்தார். இன்னொன்றும் பியாங்கின் பெயரில்தான்: பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டது என் குற்றம். இரண்டில் ஒன்றில் அவள் கைநாட்டு வைக்க வேண்டும். எதில் வைத்தாலும் சார் வெனான்சியோ தப்பித்துவிடுவார்.

கூடத்தில் மின்விசிறி சுற்றவில்லை. ஊர்த்தலைவர் நடுவில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். மேம் சல்வா ஒரு மூலையில், மடியில் குடையோடு. சார் சிரித்துக்கொண்டே, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல இண்டாய் என்று கூப்பிட்டு முதல் தாளை நகர்த்தினார்.

"இண்டாய் பியாங், உன் மேல எங்களுக்கு ரொம்ப அனுதாபம். இதுல ஒரு கைநாட்டு வெச்சுட்டா விஷயம் முடிஞ்சுது. வானொலிக்காரனும் வாயை மூடிடுவான்."

"என்ன எழுதியிருக்கு, சார்?"

"டீச்சர் தப்பாச் சொல்லிக்கொடுத்தாங்கன்னு. உண்மைதானே?"

"அவங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாங்களே சார். எப்படிச் சொல்லிக்கொடுத்தாங்க?"

"படம் அவங்க வரைஞ்சதும்மா."

"வரைஞ்சது ஒரே பட்டை. ரெண்டா வெட்டினது யாரு?"

சாரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "வெட்டலை. தாள் வீணாகக் கூடாதுன்னு வடிவமைச்சோம். இடமிருந்து வலம் படிக்கிறது உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். உன் பொண்ணுக்குத் தெரியலைன்னா அதுவும் டீச்சர் தப்புதான்."

எழுந்துவிட்டேன். "சார், அந்த வகுப்புப் புள்ளைங்க மேலேருந்து கீழதான் படிக்கும்னு நீங்க கேட்டுத் தெரிஞ்சிருக்கணும். ஒரு எண்ணாவது போட்டிருக்கணும். இது அநியாயம்."

"ஓ. டெலியோ." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமா? இருநூறு காப்பியும் நீதானே எடுத்தே? அப்ப ஏன்யா சொல்லலை?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

சார் இரண்டாவது தாளை எடுத்தார். "சரி, டீச்சர் தப்பில்லைன்னா அப்புறம் இதுதான் இருக்கு. பெத்தவ கவனிக்கலை. நாலு வயசுப் பையனை ஒன்பது வயசுப் பொண்ணுகிட்ட விட்டுட்டுப் போயிருக்கே. நலத்துறையிலேருந்து வந்து புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா என்னைக் கேக்கக் கூடாது."

பியாங் எழுந்தாள். குரல் உயரவில்லை.

"ஜூன்லயே தோட்டத்துக்காரன் எங்களைப் போகச் சொல்லிட்டான் சார். அக்டோபர்ல வாங்கன்னான். நடுவுல என்ன தின்பீங்கன்னு கேட்டானா? அதுக்கு யாரு கவனிக்கலைன்னு நீங்க தாள் எழுதினீங்களா? நான் நாத்து நடப் போனேன். ஆடப் போகலை. கிழங்கு தோண்டிச் சமைச்சது தப்புன்னா என் வீட்டுல அரிசி இருந்திருக்கணும். அரிசி இல்லாததுக்கு யார்கிட்ட கையெழுத்து வாங்குவீங்க?"

"இதெல்லாம் இங்க பேசுற விஷயமில்லை."

"வேற எங்க பேசுறது? சொல்லுங்க, நடந்தே போயிடுறேன்."

அப்போது மூலையில் நாற்காலி நகர்ந்தது. மேம் சல்வா எழுந்து வந்து சாரின் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்தார். "பியாங், விடு. படம் என்னோடது. நான் ஒத்துக்கிட்டா உன்னை விட்டுடுவாங்க" என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, தப்பு தன்னுடையது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஊர்த்தலைவர் பெருமூச்சு விட்டார். சார் வெனான்சியோ அந்தத் தாளை எவ்வளவு பக்குவமாக மடித்தார் தெரியுமா! தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வாங்குகிறவன்கூட அவ்வளவு பக்குவமாக வாங்கமாட்டான்.

நாங்கள் எல்லாரும் பியாங் அழுவாள் என்று நினைத்தோம். அவள் மேம் சல்வாவின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"உங்களை யாரு மேம் கையெழுத்துப் போடச் சொன்னா?"

"உனக்காகத்தான்..."

"எனக்காக வேண்டாம்! என் வம்சத்துல முதல் முதலா எழுத்துப் படிச்சவ இவ. நீங்க படிக்கவெச்சீங்க. நீங்க சொன்னபடி ஒரு எழுத்து விடாம படிச்சா. இப்ப நீங்களே தப்புன்னு எழுதிக் குடுத்துட்டா, இவ படிச்சதே தப்புன்னு ஆயிடுச்சே! ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து இவ புத்தகத்தைத் தொடலை மேம். சோப்பு உறையிலகூட எழுத்து இருந்தா கண்ணை மூடிக்கிறா. உங்களுக்கு நல்ல பேரு, தியாகி. என் பொண்ணு என்ன ஆவா?"

பியாங் சாரிடம் திரும்பி, இரண்டு தாளிலும் கைநாட்டு வைக்க முடியாது என்று சொன்னாள். "நலத்துறைக்காரங்க வரட்டும். வரும்போது அரிசி எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாளே பள்ளிக்கூடத்தில் காமிக்ஸ் கூடாது என்று உத்தரவு வந்தது. பள்ளிக்கூடக் காவலாளி வந்து என் கயிற்றிலிருந்த பட்டைகளை எல்லாம் உருவி எடுத்துக்கொண்டு போனான். மேம் சல்வாவை நகரத்தில் ஒரு கிடங்கில் பழைய புத்தகம் எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். நாலாம் வகுப்புக்கு டீச்சர் இல்லை. தேறாத நாலு பிள்ளைகளும் மரத்தடியில் கோலி ஆடின.

நாலு நாள் கழித்து வானம் வெளுத்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், ரோட்டில் கூட்டமாக இருந்தது. பியாங்கும் ஜெசாவும் வந்தார்கள். பியாங்கின் கையில் ஒரு நீளக் காலண்டர்த் தாள். சாரின் பாடத்தாளிலிருந்து ஆறு கட்டத்தையும் கத்தரித்து, அதில் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தார்கள். ஒட்டுவதற்குச் சோறு எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

"யாரு ஒட்டினது?"

"அவதான். நான் கத்தரிச்சுக் குடுத்தேன். கண்ணைத் திறந்து ஒட்டுறதுக்கு மூணு நாள் ஆச்சு. கயிறு சும்மாதானே மனோங் கிடக்கு?"

"கிடக்கு. ஆனா உத்தரவு..."

"உத்தரவு பள்ளிக்கூடத்துக்கு. இது கடை."

நான் கிளிப்பைக் கொடுத்தேன். தாள் தொங்கியது. காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்ததால் நான் கயிற்றையும் தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். முச்சக்கர வண்டிக்காரர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள், எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆறாவது கட்டத்துக்குக் கீழே ஒரு முழம் வெற்றுத்தாள் இருந்தது. பியாங் மார்க்கர் பேனாவை மகளின் கையில் வைத்தாள்.

"எழுது."

ஜெசா அசையவில்லை.

"எழுதுடி. நீ தப்பாப் படிக்கலை. தப்பு யாரு பண்ணாங்கன்னு இந்த ஊருக்கு எழுதிக் காட்டு."

அந்தப் பிள்ளை பேனா மூடியைக் கடித்து எடுத்தாள். பியாங் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'இது ஒரே கதை. இதை ரெண்டா வெட்டினது சார் வெனான்சியோ ஒர்தாலேசா.' எழுத்துகள் ஒவ்வொன்றும் விரல்நீளம். கூட்டத்தில் ஒரு பெண் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். யாரோ விசிலடித்தார்கள்.

"பியாங், கேஸ் போட்டுடுவான்" என்றேன் நான்.

"போடட்டும். அதுல அவன் பேரும் எழுதித்தானே ஆகணும்." பிறகு மகளைக் கேட்டாள். "இன்னும் இடம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப இதையும் எழுது. அடிக்கும்போது பார்த்துட்டு, வாயைத் திறக்காம இருநூறு காப்பி எடுத்தவரு..."

அவள் என்னைப் பார்க்காமலேதான் சொன்னாள். ஜெசா அதுவரைக்கும் எழுதிவிட்டுத் திரும்பி என்னை அண்ணாந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

"தியோ, உங்க முழுப் பேரு என்ன?"

தாளை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். காற்று பலமாக இருந்தது. நான் பிடியை இறுக்கிக்கொண்டேன்.

"ரொடெலியோ" என்றேன். "ரொடெலியோ பபலினாஸ்."

அவள் எழுதி முடிக்கும்வரை தாள் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.